10 மைக்ரான் என்று அச்சிட்ட இரண்டு ஹைட்ராலிக் எண்ணெய் வடிகட்டி எலிமெண்ட்டுகள், மூன்று மடங்கு விலை வேறுபாடு: எதன் அடிப்படையில் தேர்ந்தெடுப்பது?

மோல்டிங்_மெயின்டனன்ஸ் (கோவை):

வணக்கம். பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் கூடம் ஒன்றில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். எங்களிடம் உள்ள ஐந்து இயந்திரங்களில் ஒன்றில் மட்டும் கடந்த நான்கு மாதங்களில் இரண்டு முறை புரொபோர்ஷனல் வால்வின் (எண்ணெய் ஓட்டத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் வால்வு) ஸ்பூல், அதாவது உள்ளே நகரும் தண்டு, இறுகி நின்றுவிட்டது. கழற்றிக் கழுவி மாட்டினால் ஓடுகிறது, ஆனால் காரணம் அப்படியே இருக்கிறது. டேங்கின் கொள்ளளவு 480 லிட்டர், ஹைட்ராலிக் எண்ணெயின் பாகுத்தன்மைத் தரம் விஜி 68, பம்பு நிமிடத்துக்கு 120 லிட்டர் தள்ளுகிறது. ரிட்டர்ன் லைனில் (எண்ணெய் டேங்குக்குத் திரும்பும் குழாய்) உள்ள ஒரு வடிகட்டியும் உறிஞ்சு குழாயில் உள்ள வலையும் தவிர வேறு எந்த வடிகட்டலும் கிடையாது.

வடிகட்டியின் உள்ளே மாற்றிப் போடும் எலிமெண்ட்டுக்கு விலை கேட்டபோது இரண்டு இடங்களிலிருந்து பதில் வந்தது. இரண்டிலும் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றே எழுதியிருக்கிறது, ஆனால் ஒன்றின் விலை மற்றதைப் போல மூன்று மடங்கு. விலை குறைந்தது காகிதம். கூடியது கண்ணாடி இழை, அதன் தாளில் "பீட்டா 10(சி) ≥ 1000" என்ற வரி இருக்கிறது. எங்கள் மேலாளர், இரண்டும் ஒரே மைக்ரான்தானே என்று கேட்கிறார். மறுபக்கம் ஒரு விற்பனையாளர், வால்வு இறுகுகிறது என்றால் 3 மைக்ரானுக்கே போய்விடுங்கள் என்கிறார். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் எனக்கு வழி தெரியவில்லை.

எண்ணெய்_ஆய்வகம் (சென்னை):

உங்கள் மேலாளரின் கேள்வி நியாயமானது, ஆனால் அவர் ஒப்பிடுவது ஒரே அளவை அல்ல. காகித எலிமெண்ட்டில் எழுதப்பட்ட 10 பெரும்பாலும் பெயரளவு மதிப்பீடு. அதாவது 10 மைக்ரான் துகள்களில் ஏதோ ஒரு பங்கை அது பிடிக்கும் என்பதே பொருள். அந்தப் பங்கு பாதியா, முக்காலா என்பதைத் தயாரிப்பாளரே தீர்மானித்துக் கொள்கிறார். பீட்டா என்பது அப்படிச் சொல்லிவிட்டுப் போகக்கூடிய எண் அல்ல. ஐஎஸ்ஓ 16889 சோதனையில் எண்ணெயில் தொடர்ந்து சோதனைத் தூசியைக் கலந்து, எலிமெண்ட்டின் வழியே மீண்டும் மீண்டும் சுற்றவிட்டு, முன்னும் பின்னும் துகள்களை எண்ணுகிறார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட துகள்கள் முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை என்ற விகிதமே பீட்டா.

10,000 துகள்கள் முன்னால் வந்தால், பீட்டா 2 உள்ள எலிமெண்ட் 5,000 துகள்களைப் பின்னால் விட்டுவிடும். பீட்டா 75 ஏறத்தாழ 133 துகள்களை விடும். பீட்டா 1000 வெறும் 10 துகள்களை விடும். ஆகவே 10 மைக்ரான் என்ற சொல்லோடு பீட்டா எண் சேராதவரை அது முற்றுப்பெறாத வாக்கியம். காகித எலிமெண்ட்டை விற்பவரிடம் அதன் பீட்டா அறிக்கையைக் கேளுங்கள். அறிக்கை வந்தால் ஒப்பிடலாம். வராவிட்டால் அதுவும் ஒரு விடைதான்.

3 மைக்ரானுக்குப் போவது பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லுங்கள்: எண்ணெயின் தூய்மைக் குறியீடு இப்போது என்ன? அதை அளக்காமல் வடிகட்டியைத் தேர்ந்தெடுப்பது, காய்ச்சல் எவ்வளவு என்று பாராமல் மருந்தின் அளவை நிர்ணயிப்பதற்கு ஒப்பாகும்.

கொள்முதல்_மேசை (ஓசூர்):

நான் வாங்கும் பக்கத்தில் இருப்பவன் என்பதால் ஒரு மறுப்பைப் பதிவு செய்கிறேன். விலை கூடிய எலிமெண்ட்டைப் பரிந்துரைக்கும் ஒவ்வொருவரும் பீட்டாவைக் காட்டுகிறார்கள். ஆனால் அந்தச் சோதனையில் ஓட்டம் சீராக இருக்கிறது, அதிர்வு இல்லை, எண்ணெய் சூடும் மாறுவதில்லை. எங்கள் இயந்திரத்தில் ஓட்டம் நொடிக்கு நொடி ஏறி இறங்குகிறது. தாளில் உள்ள 1000 எங்கள் தரையில் எவ்வளவாக மிஞ்சும் என்று யாராவது எழுதித் தருவார்களா? தர மாட்டார்கள்.

எண்ணெய்_ஆய்வகம் (சென்னை):

தர மாட்டார்கள் என்பது உண்மை. ஓட்டம் திடீரென ஏறும்போது, ஏற்கெனவே பிடிபட்ட துகள்களில் சில இழைகளிலிருந்து விடுபட்டுப் பின்பக்கம் போகும். எந்த எலிமெண்ட்டுக்கும் இது பொருந்தும். ஆனால் இதிலிருந்து பீட்டா பயனற்றது என்ற முடிவு வராது. இரண்டு எலிமெண்ட்டுகளையும் ஒரே தராசில் வைக்கப் பரவலாகப் பயன்படும் சோதனை அதுதான். காகிதத்தின் இழைகள் தடித்தவை, துளைகள் சீரற்றவை, ஈரம் பட்டால் ஊதிப்போகும். கண்ணாடி இழை மெல்லியது. அதே பரப்பில் கூடுதல் அழுக்கைத் தாங்கும். ஆகவே விலையை ஒரு எலிமெண்ட்டுக்கு என்று கணக்கிடாமல், அது தாங்கும் ஒரு கிராம் அழுக்குக்கு என்று கணக்கிட்டுப் பாருங்கள்; உங்கள் துறைக்கு அதுவே பொருத்தமான கணக்கு.

மோல்டிங்_மெயின்டனன்ஸ் (கோவை):

மாதிரி அனுப்பி முடிவு வாங்கிவிட்டேன்: ஐஎஸ்ஓ 4406 குறியீடு 21/19/16. இயந்திரத்தின் கையேட்டில் ஐஎஸ்ஓ குறியீடே இல்லை. எண்ணெய் நாஸ் 7 தரத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் போட்டிருக்கிறது. இரண்டையும் எப்படிப் பொருத்துவது?

எண்ணெய்_ஆய்வகம் (சென்னை):

மூன்று எண்களும், ஒரு மில்லிலிட்டர் எண்ணெயில் 4, 6, 14 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்களின் எண்ணிக்கையைச் சுட்டுகின்றன. குறியீடு ஒன்று கூடினால் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. 21 என்றால் 10,000 முதல் 20,000 வரை. 19 என்றால் 2,500 முதல் 5,000 வரை. 16 என்றால் 320 முதல் 640 வரை.

நாஸ் 1638 வேறு விதமாக எண்ணும் பழைய முறை. அது 100 மில்லிலிட்டரில், 5 முதல் 15 மைக்ரான், 15 முதல் 25 மைக்ரான் என்று தனித்தனிப் பட்டைகளாக எண்ணுகிறது. ஐஎஸ்ஓ ஒரு அளவுக்கு மேற்பட்ட அனைத்தையும் சேர்த்து எண்ணுகிறது. அதனால் துல்லியமான மாற்று கிடையாது. தோராயமாக நாஸ் 7 என்பதை 18/16/13 என்று வைத்துக்கொள்ளலாம். புரொபோர்ஷனல் வால்வுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் இலக்கும் அதை ஒட்டியதே. சர்வோ வால்வாக இருந்தால் 16/14/11 வரை கேட்பார்கள்.

ஆகவே நீங்கள் இலக்கிலிருந்து மூன்று குறியீடு தள்ளி நிற்கிறீர்கள். கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும் இந்த மூன்று, எண்ணிக்கையில் எட்டு மடங்கு. மாதிரியை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். டேங்கின் அடியில் உள்ள வடிகால் குழாயில் பிடித்திருந்தால், அது எண்ணெயின் குறியீடு அல்ல, வண்டலின் குறியீடு.

மோல்டிங்_மெயின்டனன்ஸ் (கோவை):

இயந்திரம் ஓடும்போது, ரிட்டர்ன் வடிகட்டிக்கு முன்னால் உள்ள முனையிலிருந்து, முதல் அரை லிட்டரை வடித்துவிட்டுப் பிடித்தேன். பாட்டில் ஆய்வகம் கொடுத்தது.

பழைய_பிட்டர் (ராணிப்பேட்டை):

முப்பது ஆண்டுகளாக ஹைட்ராலிக் பார்க்கிறேன். நீங்கள் எல்லோரும் வடிகட்டியின் எண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி, உங்கள் ரிட்டர்ன் வடிகட்டியின் மீதுள்ள அடைப்புக் காட்டி காலையில் இயந்திரத்தை ஓட்டியதும் எந்த நிறத்தில் நிற்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.

மோல்டிங்_மெயின்டனன்ஸ் (கோவை):

அண்ணா, திங்கட்கிழமை காலையில் சிவப்பில் நிற்கும். அரை மணி நேரத்தில் பச்சைக்கு வந்துவிடும். எண்ணெய் சூடாகாததால் அப்படிக் காட்டுகிறது என்று விட்டுவிட்டோம்.

பழைய_பிட்டர் (ராணிப்பேட்டை):

காரணம் சரி, விட்டுவிட்டதுதான் தவறு. சிவப்பு என்றால் பைபாஸ் வால்வு (எலிமெண்ட்டில் தடை கூடினால் எண்ணெயை வேறு வழியில் விடும் வால்வு) திறக்கும் எல்லைக்கு வந்துவிட்டது, அல்லது திறந்தே விட்டது என்று பொருள். திறந்திருந்தால் அந்த அரை மணி நேரமும் எண்ணெயில் ஒரு பங்கு எலிமெண்ட்டைத் தொடாமல் டேங்குக்குப் போகிறது. விஜி 68 என்ற பெயர் 40 டிகிரியில் உள்ள பாகுத்தன்மைக்கு வைத்தது. மார்கழிக் காலையில் 20 டிகிரியில் அதே எண்ணெய் ஏறத்தாழ மூன்று மடங்கு கெட்டியாக இருக்கும். எலிமெண்ட்டின் குறுக்கே ஏற்படும் அழுத்த இழப்பும் ஏறத்தாழ அதே மடங்கில் ஏறும்.

இன்னொன்றும் இருக்கிறது. பம்பு 120 லிட்டர் என்பதால் 120 லிட்டருக்கான வடிகட்டியைப் போட்டிருப்பார்கள். சிலிண்டரில் தண்டு இல்லாத பக்கத்தின் பரப்பு தண்டுப் பக்கத்தைப் போல இரண்டு மடங்கு என்றால், தண்டு உள்ளே திரும்பும்போது ரிட்டர்னில் வருவது 240 லிட்டர். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இந்த வடிகட்டியின் உடலில் 3 மைக்ரான் எலிமெண்ட்டைச் செருகினால், திங்கட்கிழமை மட்டுமல்ல, வாரம் முழுவதும் சிவப்புதான். எண்ணெய் வடிகட்டப்படாமல் சுற்றும். நீங்கள் மட்டும் 3 மைக்ரான் போட்டிருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பீர்கள்.

அடுத்த முறை எலிமெண்ட்டைக் கழற்றும்போது பைபாஸ் வால்வை விரலால் அழுத்திப் பாருங்கள். பழைய எலிமெண்ட்டை வெட்டித் திறந்து மடிப்புகளையும் பாருங்கள். என்னைக் கேட்டால், ரிட்டர்னை அப்படியே விட்டுவிட்டு உறிஞ்சு குழாய் வலையை இன்னும் நுண்ணியதாக மாற்றுவேன்.

காற்றாலைக்காரர் (ஆரல்வாய்மொழி):

பிட்டர் ஐயா சொன்ன பைபாஸ் விளக்கத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். உறிஞ்சு வலை பற்றிய கடைசி வரியோடு உடன்பட முடியவில்லை. உறிஞ்சு பக்கத்தில் எண்ணெயைத் தள்ளுவது வளிமண்டல அழுத்தம் மட்டுமே. அங்கே நுண்ணிய வலையைப் போட்டால், எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது பம்பின் வாயில் வெற்றிடம் உருவாகி, குமிழிகள் வெடித்துப் பம்பே தேய்மானத் துகள்களை உண்டாக்கத் தொடங்கும். அங்கே 100 மெஷ் வலை, அதாவது ஏறத்தாழ 149 மைக்ரான், போதுமானது. அதன் வேலை நட்டு, துணி, ரப்பர்த் துண்டு ஆகியவற்றைத் தடுப்பது மட்டுமே.

குளிர் எண்ணெய் பற்றி எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். காற்றாலை கியர்பாக்ஸில் இருப்பது விஜி 320. அதில் பரவலாகப் பயன்படுவது இரட்டை நிலை எலிமெண்ட்: சூடான எண்ணெய் 10 மைக்ரான் அடுக்கின் வழியே போகும், குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது பைபாஸ் திறந்தாலும் 50 மைக்ரான் அடுக்கின் வழியே போயாக வேண்டும். முற்றிலும் வடிகட்டப்படாத எண்ணெய் பேரிங்குக்குப் போகும் நிலை வராது. நுண்ணிய சுத்திகரிப்பை, தனிப் பம்பு வைத்த பக்கச் சுற்று வடிகட்டி இரவும் பகலும் மெதுவாகச் செய்துகொண்டிருக்கும். நண்பரின் இயந்திரத்துக்கும் தேவைப்படுவது அந்தப் பக்கச் சுற்றே என்பது என் கருத்து.

பழைய_பிட்டர் (ராணிப்பேட்டை):

உறிஞ்சு வலை விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். டேங்குக்கு அடியில் இருப்பதால் அதை ஆண்டுக்கணக்கில் யாரும் கழுவுவதில்லை என்பதும் ஒரு காரணம்.

எண்ணெய்_ஆய்வகம் (சென்னை):

பக்கச் சுற்று என்றதும் எலிமெண்ட்டின் தேர்வு மாறுகிறது; அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

480 லிட்டர் டேங்குக்கு நிமிடத்துக்கு 16 லிட்டர் ஓட்டம் உள்ள பக்கச் சுற்றை வைப்பதாகக் கொள்வோம். 30 நிமிடத்தில் ஒரு டேங்க் அளவு எண்ணெய் எலிமெண்ட்டைக் கடக்கும். ஆனால் டேங்கில் எண்ணெய் கலந்துகொண்டே இருப்பதால், சில லிட்டர்கள் இரண்டு முறை கடக்கும், சில லிட்டர்கள் ஒரு முறைகூடக் கடக்காது. வந்த துகள் அனைத்தையும் எலிமெண்ட் பிடித்தாலும், ஒரு சுற்று முடிவில் பழைய துகள்களில் 37 சதவீதம் டேங்கில் மிஞ்சும். ஏழு சுற்றுகள், அதாவது மூன்றரை மணி நேரம் ஆன பிறகே அது 0.1 சதவீதத்துக்கு இறங்கும். எண்ணெயை ஏழு முறை சுற்றவிட வேண்டும் என்று களத்தில் சொல்லப்படும் வழக்கத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

உண்மையில் அழுக்கு உள்ளே வந்துகொண்டே இருக்கும். உள்ளே வரும் வேகமும் எலிமெண்ட் நீக்கும் வேகமும் சமமாகும் இடத்தில் குறியீடு நின்றுவிடும். இங்கேதான் பலரும் வியக்கும் ஒரு முடிவு கிடைக்கிறது. பீட்டா 75 என்றால் 98.67 சதவீதம் பிடிக்கும், பீட்டா 1000 என்றால் 99.9 சதவீதம் பிடிக்கும். டேங்கின் சமநிலையைப் பொறுத்தவரை இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதல் மட்டுமே. குறியீட்டில் அது தெரியவே தெரியாது. மாறாக, பக்கச் சுற்று மட்டுமே எண்ணெயைச் சுத்தம் செய்யும் நிலையில் அதன் ஓட்டத்தை 16 லிட்டரிலிருந்து 32 லிட்டராக்கினால் துகள்கள் பாதியாகும், குறியீடு ஒன்று இறங்கும். உள்ளே வரும் அழுக்கைப் பாதியாக்கினாலும் அதே பலன்.

ஆனால் இது ஒரே துகள் அளவில் உள்ள பீட்டாவைப் பற்றிய பேச்சு. 10(சி)-யில் 1000 உள்ள எலிமெண்ட் 4 மைக்ரானில் மிகச் சிறிய பீட்டாவே காட்டக்கூடும். 5(சி)-யில் 1000 உள்ள எலிமெண்ட் அந்த 4 மைக்ரான் துகள்களையும் பெருமளவு பிடிக்கும். உங்கள் குறியீட்டின் முதல் எண் அந்தத் துகள்களைச் சார்ந்தது. ஸ்பூலுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியில் வண்டலாகப் படிந்து இறுக்குவதும் பெரும்பாலும் அந்த நுண்துகள்களே. எனவே பக்கச் சுற்றில் 5(சி), ரிட்டர்னில் போதிய பரப்புள்ள 10(சி) என்பது என் பரிந்துரை. ரிட்டர்னில் 3 வேண்டாம்.

கொள்முதல்_மேசை (ஓசூர்):

எண்ணுக்குப் பின்னால் வரும் அந்த (சி) என்ன? ஒரே தயாரிப்பாளரின் பழைய பட்டியலில் 3 என்றும் புதிய பட்டியலில் 5(சி) என்றும் ஒரே எலிமெண்ட்டைப் பார்த்திருக்கிறேன். தரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று ஒரு விலைப்பேச்சில் சண்டை போட்டதும் உண்டு.

எண்ணெய்_ஆய்வகம் (சென்னை):

அந்தச் சண்டையில் தயாரிப்பாளர் பக்கம் நியாயம் இருந்தது. முன்பு துகள் எண்ணிகளை அளவுதிருத்தம் செய்யப் பயன்பட்ட சோதனைத் தூசியின் உற்பத்தி 1992-இல் நின்றுபோனது. அந்த முறையில் துகளின் மிக நீண்ட பக்கத்தை நுண்ணோக்கியில் அளந்து அதையே அளவு என்று கொண்டார்கள். 1999-இல் வந்த ஐஎஸ்ஓ 11171, துகளின் பரப்புக்குச் சமமான வட்டத்தின் விட்டத்தை அளவாகக் கொள்கிறது. அமெரிக்காவின் என்ஐஎஸ்டி நிறுவனம் சான்றளித்த மாதிரிப் பொருளைக் கொண்டு எண்ணிகள் திருத்தப்படுகின்றன. அவ்வாறு சான்றளித்த அளவு என்பதைக் காட்டவே (சி).

10 மைக்ரான் அருகில் பழைய அளவும் புதிய அளவும் ஏறத்தாழ ஒன்றே. அதற்குக் கீழே விலகல் பெரிதாகிறது: பழைய 5 என்பது புதிய 6.4 ஆகிறது, பழைய 3 என்பது 5.1 ஆகிறது. எலிமெண்ட் மாறவில்லை, அளவுகோல் மாறியது. பழைய 3 வேண்டும் என்று கேட்பவர் இன்று 5(சி) கேட்க வேண்டும்.

மோல்டிங்_மெயின்டனன்ஸ் (கோவை):

விளக்கங்களுக்கு நன்றி. உள்ளே வரும் அழுக்கைப் பாதியாக்கலாம் என்றீர்கள். எண்ணெய் புதிதாக ஊற்றும்போது 210 லிட்டர் பேரலிலிருந்து கைப்பம்பால் நேராக டேங்கில் விடுகிறோம். பிரீதர் (டேங்குக்குள் காற்று வந்துபோகும் வழி) என்பது கம்பி வலை வைத்த மூடி மட்டும். பக்கத்திலேயே கழிவு பிளாஸ்டிக் அரைக்கும் இயந்திரம் இருக்கிறது.

காற்றாலைக்காரர் (ஆரல்வாய்மொழி):

இந்த மூன்று வாக்கியங்களையும் முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் பாதி விவாதம் தேவைப்பட்டிருக்காது. பேரலில் வரும் புது எண்ணெய் புதியதே தவிர, தூய்மையானது அல்ல. புரொபோர்ஷனல் வால்வு கேட்கும் குறியீட்டைவிட அது பெரும்பாலும் மோசமாகவே இருக்கும். பக்கச் சுற்று வந்தபின் அதன் உறிஞ்சு முனையைப் பேரலில் விட்டு, அதன் எலிமெண்ட் வழியாகவே டேங்கை நிரப்புங்கள். சிலிண்டர் நீளும்போதெல்லாம் டேங்கில் எண்ணெய் மட்டம் இறங்கி வெளிக்காற்று உள்ளே வருகிறது. அந்த வலை மூடியை 3 மைக்ரான் காற்று வடிகட்டியாக மாற்றுங்கள். உங்கள் விற்பனையாளர் சொன்ன 3 மைக்ரான் பொருந்தும் இடம் அதுதான்.

கொள்முதல்_மேசை (ஓசூர்):

பக்கச் சுற்றில் 1 மைக்ரான் போட்டால் இன்னும் நல்லது அல்லவா? ஓட்டம் குறைவு, பைபாஸ் பிரச்சினையும் இல்லை.

எண்ணெய்_ஆய்வகம் (சென்னை):

எண்ணெயில் கரைந்திருக்கும் சேர்மானங்களை (அடிட்டிவ்) இத்தகைய இழை எலிமெண்ட்டுகள் பிடிக்காது. நுண்ணிய வடிகட்டி அவற்றை நீக்கிவிடும் என்ற அச்சம் பொதுவாகத் தேவையற்றது. ஆனால் நுரை தடுக்கும் சிலிகோன் கரையாது, நுண்துளிகளாக மிதக்கிறது. மிக நுண்ணிய எலிமெண்ட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடும், பிறகு டேங்கில் நுரை கட்டும். தேவைக்கு மேல் நுண்மைக்குப் போனால் எலிமெண்ட்டின் ஆயுளும் குறையும். இலக்கு 18/16/13 என்றால் அதற்குரியதை வாங்கினால் போதும்.

மோல்டிங்_மெயின்டனன்ஸ் (கோவை), ஆறு வாரங்களுக்குப் பிறகு:

நடந்ததைப் பதிவு செய்கிறேன். 16 லிட்டர் பக்கச் சுற்றில் 5(சி) எலிமெண்ட்டும், ரிட்டர்னில் ஓர் அளவு பெரிய உடலோடு கண்ணாடி இழை 10(சி) எலிமெண்ட்டும், காற்று வடிகட்டியும் பொருத்தினோம். மூன்றாவது வாரத்தில் அதே முனையில் பிடித்த மாதிரி 17/15/12 காட்டியது. ஐந்தாவது வாரத்திலும் அதுவே. திங்கட்கிழமைக் காலையில் காட்டி மஞ்சளைத் தாண்டவில்லை. வால்வு இதுவரை இறுகவில்லை. ஆனால் முன்பும் இரண்டு முறைக்கு நடுவில் இரண்டு மாதம் ஓடியது என்பதால், அதை வைத்து எதையும் நிறுவ முடியாது.

பிட்டர் அண்ணா சொன்னபடி பழைய எலிமெண்ட்டை வெட்டிப் பார்த்தேன். மடிப்புகள் பல இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஓரிடத்தில் கிழிந்தும் இருந்தது. அதைவிட வியப்பு பைபாஸ் வால்வில் இருந்தது. அதன் இருக்கையில் டெஃப்லான் டேப்பின் சுருள் ஒன்று சிக்கி, வால்வு முழுமையாக மூடாமல் நின்றிருந்தது. எப்போதோ ஒரு குழாய் இணைப்பை மாற்றியபோது நாங்களே சுற்றிய டேப் அது. எத்தனை மாதம் அப்படி இருந்தது என்று தெரியாது.

ஆகவே இப்போது மேலாளர் கேட்கும் புதுக் கேள்வி எனக்கும் நியாயமாகப் படுகிறது: குறியீடு நான்கு படி இறங்கியதற்குக் காரணம் விலை கூடிய எலிமெண்ட்டா, பக்கச் சுற்றா, அல்லது அந்த டேப்பை எடுத்ததா? எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட்டதால் என்னிடம் விடை இல்லை.

பழைய_பிட்டர் (ராணிப்பேட்டை):

இன்னும் நான்கு இயந்திரங்கள் இருக்கின்றனவே. அடுத்ததில் பைபாஸை மட்டும் கழற்றிப் பார்த்துச் சுத்தம் செய்து, அதே காகித எலிமெண்ட்டில் புதியதைப் போட்டு மூன்று வாரம் ஓட்டுங்கள். மாதிரி எடுத்த பிறகு அடுத்த மாற்றத்துக்குப் போங்கள்.

மோல்டிங்_மெயின்டனன்ஸ் (கோவை):

அப்படியே செய்கிறேன், அண்ணா. இரண்டாம் எண் இயந்திரத்திலிருந்து தொடக்க மாதிரியை இன்று எடுத்து அனுப்பியிருக்கிறேன். அதன் காட்டியும் திங்கட்கிழமைகளில் சிவப்பில்தான் நிற்கிறது.